பன்னிரண்டாவது பிள்ளை

பங்குனி வெயில் பத்து மணிக்கே ஜன்னல் கம்பியைச் சுட வைத்திருந்தது. கல்வி அலுவலர் விஜிலா மின்விசிறியைக் கூட்டி வைத்தாள், பிறகு குறைத்தாள். மேசையில் இருந்த தாளை மூன்றாவது தடவை கையில் எடுத்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தன் பொறுப்பிலிருந்த நூற்று அறுபது பள்ளிகளுக்கும் அவள் ஒரு செய்திமடல் அனுப்புவாள். அதைத் தன் குரலிலேயே படித்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் விடுவாள். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர்கள்கூட வரிசையில் நிற்கும் நேரத்தில் அதைக் கேட்பதாகச் சொல்வார்கள். இந்த மடலில் ஆண்டுத் தேர்வு அட்டவணை, புதுச் சேர்க்கை, ஆண்டு விழாக்கள் எல்லாம் இருந்தன. நடுவில் கட்டம் கட்டி ஒரு வரி: ‘இந்த ஆண்டு நம் பள்ளிகளில் படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளை ஒருவர்கூட இல்லை.’ அதற்குக் கீழே, முழு வருகைக்காகப் பாராட்டுப் பெறும் பள்ளியாக உப்பளத்து ஊரான கோரைத்தட்டின் பெயர்.

“நாலு மணிக்கு அனுப்பணும் மேடம். சி.இ.ஓ. ஆபீஸ்ல ரெண்டு தடவ கேட்டுட்டாங்க” என்றார் கண்காணிப்பாளர் ஜெயகணேஷ்.

“கோரைத்தட்டு போட்டோ வந்துட்டா?”

“இப்பதான் வந்துச்சு.”

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றிருந்தார்கள். விஜிலா எண்ணினாள். பதினொன்று. வருகைப் பதிவுச் செயலியைத் திறந்தாள். பன்னிரண்டு பேர், இன்று பன்னிரண்டு பேரும் வருகை. தலைமை ஆசிரியை ஞானதீபத்துக்குப் போன் போட்டாள்.

“ஒரு பிள்ளையக் காணலையே டீச்சர்?”

எதிர்முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. “பாத்ரூம் போயிருந்தா மேடம்.”

அதையே உடனே சொல்லியிருந்தால் விஜிலா விட்டிருப்பாள். அந்தச் சிறிது நேர மௌனம்தான் அவளை உட்காரவிடவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“மடல்?” என்றார் ஜெயகணேஷ்.

“வந்துருதேன்.”

ஜீப் உப்பளங்களுக்கு நடுவே போகும்போது இரண்டு பக்கமும் கண் கூசியது. ஒன்றும் இருக்காது என்று ஒரு மனமும், இருந்தால் என்ன செய்வாய் என்று இன்னொரு மனமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தன.

ஞானதீபம் பள்ளி வாசலிலேயே நின்றாள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிற, பதறாத பெண். இன்று சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“அனுசியான்னு ஒரு பிள்ள மேடம். டிசம்பர்ல இருந்து வரல.”

“நாலு மாசமா வராத பிள்ளைக்கு தெனமும் வருகை போட்டிருக்கீங்க.”

“போட்டேன்.”

“ஏன்?”

“ஜனவரி மீட்டிங்ல இடைநிற்றல் இருந்த ரெண்டு எச்.எம்.மை எழுந்து நிக்கச் சொன்னீங்க. நூத்தறுவது பேரும் பாத்துக்கிட்டு இருந்தோம். என் வயசுக்கு நான் அப்படி நிக்க வேண்டாம்னு நெனச்சேன்.”

விஜிலா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “பிள்ள வீடு எங்க?” என்று மட்டும் கேட்டாள்.

வீடு நடந்துபோகிற தூரம்தான். தகரக் கூரைக்குக் கீழே அனுசியா ஒரு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பில் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் வந்த விஜிலாவைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

அவளுடைய அம்மா சந்தனமாரி அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

“விடியக்காலம் நாலு மணிக்குப் போவணும் டீச்சர். திரும்ப பதினொண்ணு ஆயிரும். இவ அப்பா லாரியில போனா பத்து நாளு கழிச்சுத்தான் வாராரு. பால்வாடி தெறக்கதோ ஒம்பதரைக்கு. அங்கயும் ரெண்டு வயசு ஆகாத பிள்ளய வச்சுக்க மாட்டாங்க. இவனை யாரு பாக்க?”

“முன்னால எப்படிச் சமாளிச்சீங்க?” என்று விஜிலா கேட்டாள்.

“பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போவா. ஓரமா ஒரு சாக்கு விரிச்சுப் போட்டுருவா. டீச்சரும் ஒண்ணும் சொல்லல. பொறவு யாரோ பெரிய அதிகாரி வந்து ஏசிட்டாங்கன்னு சொன்னா.”

“யாரோ இல்லம்மா” என்றாள் அனுசியா, சுவரைப் பார்த்தபடி. “இவங்கதான்.”

சந்தனமாரியின் கை நின்றது. “ஏளா, சும்மா இரு.”

“இருக்கட்டும், சொல்லட்டும்” என்றாள் விஜிலா. அனுசியா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

விஜிலாவுக்கு நிஜமாகவே ஞாபகமில்லை. பள்ளிக்குத் திரும்பிப் பார்வையாளர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். நவம்பர் இருபத்தொன்று. அவளுடைய கையெழுத்துத்தான், அவசரத்தில் சாய்ந்த எழுத்து: ‘வகுப்பறையில் கைக்குழந்தை. பள்ளி பால்வாடி அல்ல. இது தொடர்ந்தால் விளக்கம் கோரப்படும்.’ அன்றைக்கு ஆறு பள்ளிகளைப் பார்த்திருந்தாள். இந்தப் பள்ளியில் இருபது நிமிடம்கூட இருந்திருக்க மாட்டாள்.

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே டீச்சர்.”

“நீங்க எழுதினதுக்கு மேல நான் என்னத்தப் பேச மேடம்?”

விஜிலா பேனாவை எடுத்தாள். பழைய வரியை அடிக்காமல் அதற்குக் கீழே எழுதினாள்: ‘மேற்கண்ட குறிப்பு என் தவறு. அனுசியா தம்பியுடன் வகுப்புக்கு வரலாம். யாராவது ஆட்சேபித்தால் நான் பதில் சொல்கிறேன்.’ தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். “ஒரு எட்டு போயி நீங்களே சொல்லிருங்க. என்னையக் கண்டா அந்தப் பிள்ள பயப்படுதா.”

அலுவலகத்துக்கு வரும்போது மூன்றரை. கட்டத்துக்குள் இருந்த வரியையும் கோரைத்தட்டின் பெயரையும் அடித்துவிட்டு அவள் எழுதியதைப் படித்த ஜெயகணேஷ், நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

“இத அனுப்புனா மேல இருந்து கேப்பாங்க மேடம். பேசாம அந்தக் கட்டத்த மட்டும் எடுத்துருவோமே.”

“எடுத்துட்டா அடுத்த மீட்டிங்ல எல்லாரும் பழையபடி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டுன்னுதான் சொல்லுவாங்க.”

போனை வாய்க்கருகே வைத்துப் படிக்கத் தொடங்கினாள். தேர்வு அட்டவணை வரை குரல் சரியாக வந்தது. அதன்பின் இரண்டு தடவை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. “இந்த வருடம் ஒரு பிள்ளை நான் எழுதிய ஒரு வரியால் படிப்பை நிறுத்தியிருக்கிறாள். அது எனக்கு இன்றுதான் தெரியும். உங்கள் பள்ளியில் வராத பிள்ளைகளின் பெயரை உள்ளபடி அனுப்புங்கள். யாரையும் எழுந்து நிற்கச் சொல்ல மாட்டேன். ஜனவரியில் நிற்க வைத்த இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.”

நாலு மணிக்கு அனுப்பினாள். நாலரை வரை ஒரு பதிலும் இல்லை. எழுந்து வராந்தாவில் நடந்தாள். திரும்பி வந்து போனைத் திருப்பிப் பார்த்தாள். நாலே முக்காலுக்கு முதன்மைக் கல்வி அலுவலரான சி.இ.ஓ.வே கூப்பிட்டார். “என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம் விஜிலா” என்றார். எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். ஞானதீபத்தின் மேல் நடவடிக்கை உண்டா என்று அவர் கேட்டதற்கு, பதிவைத் திருத்தச் சொல்லியாயிற்று, அதற்கு மேல் என்றால் என் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள் சார் என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

அதன்பின் செய்திகள் வரத் தொடங்கின. முதலில் ஒன்று, ஜனவரியில் எழுந்து நின்ற நேசக்குமாரிடமிருந்து: ‘கேட்டேன் மேடம். என் பள்ளியில் மூன்று பேர்.’ பிறகு கடற்கரைப் பள்ளிகள், பனங்காட்டுப் பள்ளிகள். திங்கட்கிழமைக்குள் முப்பத்தேழு பெயர்கள் சேர்ந்திருந்தன.

அன்று காலை ஞானதீபம் போன் பண்ணினாள். அனுசியா வந்திருக்கிறாள், தம்பியும் வந்திருக்கிறான், முதல் பீரியட் முழுக்க ஒரே அழுகை, இப்போது தூங்குகிறான். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். பாடம் நிறைய விட்டுப்போயிருக்கிறது. “மதியானம் நான் உக்காந்து சொல்லிக்குடுக்கேன் மேடம்.”

“செய்ங்க டீச்சர்” என்றாள் விஜிலா. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். அவளால் ஒரு நிமிடம்கூட அதில் தங்க முடியவில்லை. முன்னால் இருந்த பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு காரணம் இருந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அப்பா படகோடு போய்த் திரும்பவில்லை. ஊருக்கு வந்துகொண்டிருந்த பேருந்து நின்றுவிட்டது. இவற்றில் எதையும் ஒரு வரி எழுதித் தீர்த்துவிட முடியாது. அவள் அவசரத்தில் எழுதிய வரி இன்னும் எத்தனை பார்வையாளர் புத்தகத்தில் இருக்கிறதோ.

“ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க ஜெயகணேஷ்” என்றாள். “பேருந்து நின்னுபோச்சுன்னு இருக்குல்லா, அந்த ஊருக்கு மொதல்ல போவோம்.”