வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

தச்சர் தண்ணீரைக்கூட ஊதிக் குடிக்கிற ஆள். அவரிடம் போய், சட்டசபை மண்டபக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடச் சொன்னால் சும்மா விடுவாரா?

"உள்ள இருக்கறவங்க வெளிய வரணும்னா?" என்று கேட்டார்.

"அதிபர் பேசி முடிச்சதும் திறந்துடுவோம். காமிராவுல காலி நாற்காலி தெரியக் கூடாதாம்" என்றார் மண்டப அதிகாரி.

பதில் வழவழப்பாக இருந்தது. அதிக வழவழப்பைக் கண்டால் தச்சருக்கு உளி வைத்துப் பார்க்கத் தோன்றும்.

முப்பது வருஷமாக அங்கே மரவேலை அவருடையதுதான். அவர் வந்த புதிதில் அதிபரின் வருடாந்தர உரை ஓர் உறையில் வரும். குமாஸ்தா மூக்கால் வாசிப்பார். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் டீ குடிக்க எழுந்து போவார்கள். கடிதத்துக்கு ஏது கோபம்? பிறகு ஓர் அதிபர் தாமே வந்து பேசினார். மேடை கேட்டார்கள், செய்து கொடுத்தார். காமிரா வந்ததும் மேடையை நாலு விரல் உயர்த்தச் சொன்னார்கள், மறு வருஷம் இன்னும் நாலு விரல். போகட்டும், மரம்தானே. தாழ்ப்பாள் அப்படியா?

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை எதிர்க்கட்சி உறுப்பினர்.

"அண்ணா, உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம். பிடிக்கலன்னா எழுந்து வந்துடுவோம், எப்பவும் போல. எங்கள வச்சுப் பூட்டினா ஊர் சிரிக்காது?"

"ஊர் சிரிக்கிறது காமிராவுல வருமா?"

தங்கை சிரித்துக்கொண்டே காப்பி கலக்கப் போனாள். மாட்டேன் என்று தச்சர் அதிகாரியிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் வேறொருவன் வந்து ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போவான். அதனால் அவரே போட்டார். பித்தளைத் தாழ்ப்பாள், பார்த்தவர்கள் மெச்சினார்கள். இரண்டு அங்குல ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் அரை அங்குலம் போட்டதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

உரை நாளன்று காவலர் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார். தச்சர் நடையில் நின்று ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாலைகள், பள்ளிகள் என்று போன பேச்சு நடுவில், தேர்தல் இரண்டு வருஷம் தள்ளிவைக்கப்படுகிறது என்று ஒரு வரி வந்தது. கைதட்டல் கேட்டது. கூடவே எழுந்த கூச்சல், யாரோ மைக்கை அணைத்ததும், பாதியில் அறுந்துபோனது.

பிறகு உள்ளிருந்து கதவைத் தட்டினார்கள். காவலர் கூரையைப் பார்த்தார்.

மூன்றாவது முறை கதவை இடித்தபோது தாழ்ப்பாள் பெயர்ந்து தரையில் விழுந்தது. முதலில் வெளியே வந்தவள் தங்கைதான். பின்னால் நாற்பது பேர். தரையில் கிடந்த குட்டி ஸ்க்ரூக்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது; அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அவர் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

ஓடிவந்த அதிகாரி ஒரு ஸ்க்ரூவைப் பொறுக்கி எடுத்தார். "அரை அங்குலமா! யாரு போட்டது இத?"

"நான்தாங்க" என்றார் தச்சர். "உள்ள என் தங்கச்சி இருந்தா."