வீடு எந்தப் பக்கம்

பாறசாலை சந்திப்பில் ஸ்ரீகுமாரியின் டெலிபோன் பூத்துக்குள் யோசுவா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். இங்கே இருட்டிவிட்டது, விடிந்துவிட்ட கனடாவில் மணி அடித்துக்கொண்டிருந்தது. எடுக்க ஆளில்லை. ஆள் எடுக்காத மணிக்குக் காசு கிடையாது. மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றது. மணி அடிக்கிறவரைக்கும் அங்கே ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் ஒரு போன் இருக்கிறது, போனுக்குப் பக்கத்தில் எங்கேயோ மகள் ஷாலுவும் பேத்தியும் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். லைன் தானாகவே அறுந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஒண்ணுகூடி நோக்கட்டே, சாரே?" என்றாள் ஸ்ரீகுமாரி, மறுபடியும் எண்ணில் கை வைத்துக்கொண்டு.

"நோக்கு மோளே."

வெளியே பெஞ்சில் அவர் மனைவி ஆனந்தபாய் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, ஜெபம்தான். நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது யோசுவாவுக்கு. திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

யோசுவா முப்பது வருஷமாக நெய்யாற்றின்கரையில் வக்கீல் குமாஸ்தா. வாடகை வழக்கென்றால் ஊர்க்காரர்கள் வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் அவரைத்தான் தேடுவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வீட்டுக்காரன் இறங்கச் சொல்கிறான் என்று யார் வந்து அழுதாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேட்பார். "வீடு எந்தப் பக்கம்?" எல்லைக்கு இந்தப் பக்கமென்றால் கேரளச் சட்டம், நெய்யாற்றின்கரை கோர்ட்டு. அந்தப் பக்கமென்றால் தமிழ்நாட்டுச் சட்டம், குழித்துறை கோர்ட்டு. ஒரே ஓடை, ஒரே மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், ஒரே சபைக்குப் போகிற ஜனங்கள்தான். ஆனாலும் நடுவில் ஒரு கல் நட்டிருக்கிறது. அந்தக் கல்லை மறந்தவன் கெட்டான் என்பது யோசுவாவின் கொள்கை.

செல்லசாமி அப்படிக் கெட்டவன். இந்தப் பக்கம் அமரவிளையில் குடியிருந்துகொண்டு, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருந்த மச்சான் சொன்னதைக் கேட்டு, கோர்ட்டுத் தவணைக்குப் போகாமல் வீட்டில் காலாட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் கோர்ட்டு ஆமீன் வந்து சட்டி பானையோடு ரோட்டில் இறக்கிவிட்டார். ஆமீனோடு கூடப் போனவர் யோசுவாதான். அவருடைய வக்கீல் வீட்டுக்காரன் தரப்பு. சாமானெல்லாம் வெளியே போன பிறகு, "உள்ள ஆருமில்லியே?" என்று ஆமீன் கேட்ட குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. குடியிருக்கிற வீட்டில் குரல் அப்படித் திரும்பாது. பாயும் துணியும் தலையணையும் அதைக் குடித்துவிடும். ஆனால் யோசுவா ஊரில் சொன்னது இதையல்ல. "வெவரங்கெட்டவன், வீடு இந்தப் பக்கம், கேட்டது அந்தப் பக்கம்" என்று டீக்கடையில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஷாலுவுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவன் ஆனந்தபாயின் தம்பி ராபின்சன். அவன் மாண்ட்ரியலில் இருந்தான், மாப்பிள்ளை டொராண்டோ பக்கம். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மாப்பிள்ளை வேறொருத்தியோடு போய்விட்டான். அன்றோடு ஷாலு மாமனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு வீட்டின் அடித்தளத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, பிள்ளையை ஒரு பிலிப்பினோ அம்மாவிடம் விட்டுவிட்டு, பேக்கரி வேலைக்குப் போய் வந்தாள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, வீட்டுக்காரர் ஒரு பேப்பர் தந்திருக்காரு. மகனுக்குக் கல்யாணமாம், இந்த இடம் வேணுமாம். நான் என்ன செய்யட்டும்?"

சொன்னால் வெட்கக்கேடு, யோசுவாவுக்கு அன்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நர்ஸிங் படித்த மகள் முதல்முறையாக அவருடைய தொழிலில் ஒரு சந்தேகம் கேட்கிறாள். அவளுக்குத் தெரியாமல் ராபின்சனைக் கூப்பிட்டு, யாருக்கென்று சொல்லாமல், கனடாவில் வீட்டுக்காரன் தன் சொந்தத் தேவைக்கு இறங்கச் சொன்னால் வாடகைக்காரன் என்ன செய்யணும் என்று விசாரித்தார். ராபின்சன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். ஒன்றும் செய்ய வேண்டாம், பதில் கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்றுதான் அர்த்தம், வீட்டுக்காரன்தான் அலைய வேண்டும் என்றான். யோசுவா அதை அப்படியே, கொஞ்சம் கோர்ட்டு மிடுக்கும் சேர்த்து, மகளுக்குச் சொன்னார்.

"எழுதிக் குடுக்காத, ஒப்பு போடாத. ஒண்ணும் பேசாத, மிண்டாம இரி மக்கா. அங்க உள்ள சட்டமாக்கும்."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டாவது பேப்பர் வந்தது. "இது ஏதோ ஆபீஸில இருந்துப்பா. அஞ்சு நாளைக்குள்ள பதில்..." என்று ஷாலு வாசிக்கத் தொடங்கியபோது அவர் இடைமறித்தார். "அது பயமுறுத்த எழுதியது. நான் எத்தன நோட்டீஸ் கண்டவன். இதுக்கும் மிண்டாம இரி." "அப்பா சொன்னா சரி" என்றாள் மகள். அந்த மூன்று வார்த்தை இப்போது அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

நேற்று அவள் அழவில்லை. உத்தரவு வந்து நாளாகிறது, அதற்கும் பேசாமல் இருந்தேன், நாளைக் காலையில் அதிகாரி வந்து பூட்டை மாற்றப் போகிறாராம் என்று ஏதோ சந்தைக்குப் போகிற சேதி போலச் சொன்னாள். யோசுவா அடுத்த நிமிஷமே ராபின்சனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"ஷாலுக்க வீடா? டொராண்டோண்ணா ஒண்டாரியோவில்லியா?" என்றான் ராபின்சன். "அத்தான், நான் இருக்கியது கியூபெக்கில்லியா. இது வேற மாகாணம், அது வேற. இங்க பதில் இல்லேண்ணா மாட்டேம்ணு அர்த்தம். அங்க கழிஞ்ச வருஷம் புதுச் சட்டம் வந்தாச்சு. அஞ்சு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கல்லேண்ணா, ஒண்ணும் கேக்காம ஆர்டர் போடுவானுவ. ஆல்பர்ட்டாவுக்குப் போனா அது இன்னொரு மாதிரி. நீங்க கனடாண்ணுதானே கேட்டிய. எந்த மாகாணத்துக்குண்ணு சொல்ல உங்களுக்கும் தோணல்ல, கேக்க எனக்கும் தோணல்ல."

"இனி ஒண்ணும் செய்ய ஒக்காதா?"

"ஆர்டர் வந்த ஒடனே ரத்து பண்ணச் சொல்லி ஒரு மனு போட்டிருக்கலாம். இப்ப தாமசிச்சுப் போச்சு. நான் போய்க் கூட்டியாறேம்ணாலும் ரோடெல்லாம் பனி மூடிக் கிடக்கு. வண்டி எடுக்க விடமாட்டானுவ."

இன்று காலை கோர்ட்டு வளாகத்தில் கிருஷ்ணன்குட்டி என்று ஒருவர், வீட்டுக்காரன் அனுப்பிய நோட்டீசோடு வந்து நின்றார். யோசுவா வாயைத் திறந்தார். முப்பது வருஷம் கேட்ட கேள்வி வரவில்லை. "வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், கழுவ வேண்டிய அவசியமில்லாத முகத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டார்.

பூத்தில் ஸ்ரீகுமாரி மறுபடியும் எண்களைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். ஆனந்தபாய் பெஞ்சிலிருந்து எழுந்து அவர் அருகில் வந்தாள். ஒருநாள் முழுக்கப் பேசாத குரல் கரகரத்தது.

"அவகிட்ட உள்ளதச் சொல்லணும். அப்பாக்குத் தெற்றிப்போச்சுண்ணு சொல்லணும். பிள்ள தன்னோட பெழையாலதான் இப்பிடி ஆச்சுதுண்ணு நெனச்சிட்டு இருக்கா. அந்த பாரத்தயாவது எடுத்துக் குடுங்க."

யோசுவா தலையாட்டினார். அது ஒன்றுதான் இனி அவரால் மகளுக்குக் கொடுக்க முடிகிறது. வீடு போயிற்று, புருஷன் முன்னாலேயே போனான். தப்பு உன்னுடையதல்ல என்ற ஒரு சொல்லையாவது அவள் கையில் கொடுத்து வெளியே அனுப்ப வேண்டும்.

"ரிங் உண்டு, சாரே."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின.

"ஹலோ?"

ஷாலுதான். ஆனால் அவள் குரலின் பின்னாலேயே இன்னொரு ஹலோ மெல்ல வந்தது. லைன் கோளாறாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தார். நினைக்க முடியவில்லை. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும், செல்லசாமி வீட்டில் கேட்டது.

"அப்பா, சாமானெல்லாம் நேத்தே பக்கத்து வீட்டு கராஜுல எடுத்து வச்சாச்சு. அந்த ஆபீசர் நல்லவராக்கும். போனை எடுத்துப் பேசிட்டு வாண்ணு சொல்லிட்டு வாசல்ல நிக்காரு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீங்க சொன்ன மாதிரிதான் இருந்தேன். ஒரு பேப்பரிலயும் ஒப்பு போடல்ல. ஒருத்தங்கிட்டயும் ஒண்ணும் மிண்டல்ல. பின்ன நான் எங்கப்பா தெற்றினேன்?"

"மக்கா..." என்றார் யோசுவா.

அவள் காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆனந்தபாய் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் வந்து நின்றது.

"அப்பா, லைன்ல உண்டா? ஏதாவது சொல்லுங்கப்பா. அவரு கையைக் காட்டுதாரு."

அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் குரலுக்குப் பின்னால் சின்னக் கால்கள் வெறும் தரையில் தடதடவென்று ஓடின. பேத்தி ஏதோ கண்டுபிடித்துவிட்டாள். "ஊ" என்று கூவினாள். அறையும் "ஊ" என்றது. அவள் நிறுத்திக் கேட்டுவிட்டு, கலகலவென்று சிரித்துவிட்டு, இன்னும் உரக்கக் கூவினாள்.