மூன்றாவது காலடி

1

இந்தக் கதை ஒரு குதிரையால் வந்தது. நான் வெகுகாலமாகக் குடியிருக்கும் இந்த மலைப்பக்கத்தில் அதைச் சொல்லாதவர் கிடையாது. நானோ புனிதப் போர் பற்றி எழுத உட்கார்ந்தவன். முதல் வரிகூடத் தயார்: ‘சிலுவைக் கொடிகளும் பிறைக் கொடிகளும் கிரனாடா எல்லையில் மோத—’

அடித்துவிட்டேன். அன்றைக்குக் கொடி பிடிக்க ஆள் இல்லை. இரண்டு பக்கமும் ஆலிவ் பறிப்பு.

2

கிறிஸ்தவக் கோட்டையின் தலைவர் தோன் பெல்த்ரானின் குதிரை காணாமல் போனது. அதன் பெயர் ‘விசுவாசத்தின் இடி’. ஐம்பது முஸ்லிம் வீரர்கள் கவர்ந்து போனதாகவும், தாம் தனியாளாக நின்று போராடியதாகவும் அவர் மன்னருக்கு ஆள் அனுப்பிவிட்டார். (போராடியபோது மதியத் தூக்கத்தில் இருந்தார்.) பொழுது சாய்வதற்குள் திருடன் கிடைக்காவிட்டால் எல்லை ஓடைக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் ஊரைக் கொளுத்துவதாக ஏற்பாடு.

எல்லையில் ஒரு வழக்கம் உண்டு. போர் வந்தாலும் அது நிற்காது. திருட்டுத் தடத்தை ஓடைவரை ஒருவன் பார்த்துக்கொண்டு வருவான். அங்கே எதிர்ப்பக்கத்துக்காரன் அதை வாங்கிக்கொண்டு தன் பக்கத்தில் தேட வேண்டும். இந்தப் பக்கம் பாஸ்குவால். அந்தப் பக்கம் ஹம்தூன். கொளுத்தப்போவது ஹம்தூனின் ஊரை.

3

“வா ஹம்தூன். உனக்கு ஒரு தடம் கொண்டாந்திருக்கேன்.”

ஹம்தூன் குனிந்து பார்த்தான். “குதிரை மட்டுந்தானே வந்திருக்கு? மிச்சம் அம்பது பேரும் பறந்தா வந்தோம்?”

“கிண்டல் பண்ணாத. குதிரை எங்க?”

“எங்க தோப்புல. எங்க பெட்டைக் குதிரை பக்கத்துலேர்ந்து நகர மாட்டேங்குது. உங்க தலைவரே வந்து மதத்தை எடுத்துச் சொல்லிக் கூட்டிட்டுப் போகட்டும்.”

“அவருக்குக் குதிரை வேணாம்டா. திருடன் வேணும். அது தானாப் போச்சுன்னா அவர் பொய்யராயிடுவாரு. அதைவிட உங்க ஊரைக் கொளுத்தறது அவருக்குச் சுலபம்.”

ஹம்தூன் தன் ஊர்ப் பக்கம் திரும்பினான். அடுப்புப் புகை மட்டும் தெரிந்தது. “அப்போ ஒரு மனுசக் காலடி வேணும்” என்றான்.

4

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஹம்தூன் செருப்பைக் கழற்றிச் சேற்றில் நடக்கிறான். தியாகம். வாசகர் கண்கலங்க— வேண்டாம். திருடன் அந்த ஊர்க்காரன் என்றால், அவன் கிடைத்தாலும் ஊர் எரியத்தான் செய்யும்.

பாஸ்குவால் நடக்கிறான். அவனுக்கு வலது காலில் சுண்டுவிரல் கிடையாது. எல்லைக்கே தெரிந்த கால். தூக்கில் போடுவார்கள்.

நான் நடக்கலாம். (எழுதுகிறவனுக்கு ஆயிரம் வேலை.)

5

தோன் பெல்த்ரான் தீப்பந்தங்களோடு வந்துவிட்டார். சேற்றில், குதிரைத் தடத்தின் பக்கத்தில், ஈரம் காயாத ஒரு வெறுங்கால் தடம்.

“யார் காலுடா இது?”

“எங்க ஊர்க் கால் இல்லீங்க” என்றான் ஹம்தூன்.

“எங்க ஊர்க் காலும் இல்ல எசமான்” என்றான் பாஸ்குவால். “அசலூரு. குதிரை போனதுலேர்ந்து கூடவே வந்திருக்கு. அங்கங்க நின்னு வேடிக்கை பாத்திருக்கு.”

தலைவர் முகம் தெளிந்தது. “ஐம்பது பேரில் ஒருவன்” என்றார். “ஆளைக் காட்டு.”

இருவரும் திரும்பி, முதல் வரியிலிருந்து கூடவே வந்த உங்களைப் பார்க்கிறார்கள்.

நீங்கள் காலைக் காட்டலாம். புத்தகத்தை மூடிவிட்டும் போகலாம். ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. புகை உங்கள் வீடுவரை வராது.