செம்புத் தகடு இல்லாத படகு

1

இந்தக் கதை எனக்குச் சாத்தூர் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. இருக்கன்குடி பஸ்ஸில் ஏறுவதற்கு முன் ஒருவர் வாசல் கம்பியில் உள்ளங்கையை முழுதாக வைத்தார். வைத்தார், எடுத்தார், பிறகுதான் ஏறினார். பின்னால் நின்ற பெண், "இங்கன எதுக்குங்க?" என்றாள். இருவரும் சிரித்தார்கள். பஸ்ஸில் நான் அவர்களுக்குப் பின்னிருக்கையில்தான் உட்கார்ந்தேன். பேச்சுக் கொடுத்திருக்கலாம். எனக்கு அது வராது.

அந்தக் கை மட்டும் நிஜம். மற்றதெல்லாம் நான் சேர்த்தது. படகையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

(வெளியூர் வாசகர்களுக்கு: பட்டாசு ஆலையில் மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். நம் உடம்பில் மின்னூட்டம் சேரும். தகட்டைத் தொட்டால் அது மண்ணுக்குப் போய்விடும். தொடாமல் உள்ளே போனால் விரல் நுனியில் ஒரு பொறி தெறிக்கலாம். உள்ளே இருப்பது வெடிமருந்து. காற்று காய்ந்திருக்கும் ஊர்களில் மின்னூட்டம் அதிகம் சேரும். எங்கள் சிவகாசிப் பக்கம் காற்று எப்போதும் காய்ந்துதான் இருக்கும்.)

2

தொடக்கம்: "நீலக் கடலின் மடியில் அந்த வெண்ணிறப் பாய்—" வேண்டாம். அந்தப் பாய் வெண்ணிறம் இல்லை. ஒட்டுப்போட்டது.

இன்னொரு தொடக்கம்: "கந்தக பூமியில் பிறந்த மாரிசெல்வி அன்றுதான் முதன்முதலாகக் கடலை—" பொய். அவளுக்கு மொட்டை போட்டதே திருச்செந்தூரில்.

மூன்றாவது: மாரிசெல்வி எரிகிற அடுப்பில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள்.

இது இருக்கட்டும்.

தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக்கிடந்த நாட்கள். ஊருக்கெல்லாம் கொண்டாட்டத்தைப் பெட்டி கட்டி அனுப்பியவர்களுக்கு அப்போதுதான் விடுமுறை. விஸ்வநத்தத்தில் மருந்து கலக்கும் முனியராஜும், அதே ஆலையில் பெட்டி ஒட்டும் அவர் மனைவி மாரிசெல்வியும் கீழக்கரைக்குப் போனார்கள். முனியராஜோடு சிவகாசியில் படித்த சாபிர் அங்கே தாய்மாமாவின் பாய்மரப் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். படகிலேயே சமைத்து, படகிலேயே படுத்து, கரையோரமாகவே காற்று போகிற பக்கம் போவது. அதுதான் திட்டம்.

முதல் நாள் சாபிர் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். தீயைப் பார்த்ததும் மாரிசெல்வியின் கை வாளியைத் தேடி எடுத்துவிட்டது.

"தங்கச்சி, தண்ணிய டீச்சட்டில ஊத்தச் சொன்னேன். அடுப்புல இல்ல" என்றார் சாபிர், தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்தபடி.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. கை தன்னால போயிருச்சு."

"இவ பரவால்ல மாப்ள" என்றார் முனியராஜ். "எங்க செட்டுல இன்னொரு அக்கா இருக்காக. அவுக மண்ணள்ளிப் போட்டிருப்பாக."

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. படகில் துணிக்கூரை போட்ட ஒரு இடம் உண்டு. அதற்குள் குனிந்து நுழையும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையைப் பாய்மரத்தில் வைத்துவிட்டுத்தான் நுழைந்தார்.

"மரத்துக்கு ஆசீர்வாதம் பண்ணுதீகளா?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

3

இதுவரைக்கும் என் தோழி அப்ரினிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டது இரண்டு.

"ஏண்டி, பட்டாசு வேலைக்குப் போறவங்க பாய்மரப் படகுல டூர் போறாங்கன்னா யாரு நம்புவா?"

நம்ப வேண்டாம். போகிறார்கள்.

"சரி. எப்ப வெடிக்கும்?"

எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பதில் வருவதில்லை. இங்கே வரும். கடைசிப் பகுதிவரை இருங்கள்.

4

கடைசி நாள். மறுநாள் காலை பூசை போட்டு ஆலையைத் திறக்கிறார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முனியராஜ் சட்டை எடுக்கக் கூரைக்குள் போனார். மாரிசெல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். கை பாய்மரத்துப் பக்கம் போகவே இல்லை.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இவரும் மற்ற மனுஷர் மாதிரி வாசலில் நுழைகிறாரே என்று. அந்தச் சந்தோஷம் பாதியில் நின்றது.

"ஏங்க, வெளிய வாங்க."

வந்தார்.

"திரும்ப உள்ள போங்க."

"என்னடி விளாட்டு?"

"போங்கன்னா போங்க."

போனார். கை தொங்கியபடியே போனது.

"கை மறந்துருச்சு" என்றாள். "நேத்தும் நீக தொடல. இப்பத்தான் யோசிச்சுப் பாக்கேன்."

"நல்லதுதான? நீதான கேலி பண்ணுன."

"நாளைக்கு மருந்து ரூமத் தொறப்பாக. இந்தக் கையோடயா போவீக?"

"அங்கன போனா தன்னால வந்துரும்."

"எத்தனாவது தடவைல வரும்? மொதத் தடவையே வரணும்ல?"

(இந்த இடத்தில் முனியராஜ் சொல்ல மூன்று பதில்கள் எழுதினேன். மூன்றிலும் அவர் என்னைப் போலப் பேசினார். அடித்துவிட்டேன். அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.)

சுக்கானைப் பிடித்திருந்த சாபிர் திரும்பாமலே சொன்னார். "மாப்ள, நான் அன்னைக்குச் சொன்னது சொன்னதுதான். படகுக்கு ஒரு ஆள் வேணும். இங்கனயே இருந்துரு."

"எனக்குத் தெரிஞ்சது அந்த வேலதாம்லே. எம் மருந்து ஒருநாள் நமுத்துப் போச்சுன்னு எவனும் சொன்னதில்ல. அத விட்டா நான் யாரு?"

"எம் புருசன்" என்றாள் மாரிசெல்வி. "அது பத்தாதாக்கும்?"

சாபிர் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

கரை தெரிந்தது. தென்னைகள், ஐஸ் கம்பெனி, ஈரத்தில் நின்ற ஒரு ஆட்டோ.

"தங்கச்சி, கயித்த அவுத்து விடு. பாய் எறங்கட்டும்."

பாயைத் தூக்கிப் பிடித்திருந்த கயிறு அவள் பக்கத்தில்தான் கட்டியிருந்தது. அவள் அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"இவுக சொல்லட்டும். அப்புறம் அவுக்கேன்."

"ஏலே முனியராஜு, எதையாவது சொல்லித் தொலைலே. கரையில ஏறப்போறோம்!"

முனியராஜ் மறுபடி தன் கையைப் பார்த்தார். மாரிசெல்வி கயிற்றை விடவில்லை. சாபிர் ஏதோ முனகிக்கொண்டே சுக்கானைத் திருப்பினார். படகு சாய்ந்து வளைந்து, கரையை விட்டு விலகியது.

"இன்னொரு சுத்துதான். அதுக்குள்ள பேசி முடிங்க ரெண்டு பேரும்."

5

அந்தச் சுற்றில்தான் நானும் நிற்கிறேன்.

முனியராஜ் மறுநாள் வேலைக்குப் போகலாம். தகட்டுக்கு முன்னால் நின்று, நினைத்து, தொட்டு, உள்ளே நுழையலாம். படகிலேயே தங்கிவிடலாம். மாரிசெல்வி பெட்டி ஒட்டுவதை விட்டுவிட்டுத் தினமும் மருந்து அறை வாசலில் நின்று அவர் கையை மட்டும் பார்க்கலாம். ஃபோர்மேன் விரட்டுவார். அவள் போகமாட்டாள், நான் அவளைப் படைத்தது அப்படி. எந்த முடிவையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றைத் தவிர. அப்ரின் கேட்டதை நான் எழுத மாட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் செய்தியில் வருவதே அந்த ஒரு வாசல் வழியாகத்தான். கதைக்குள்ளும் அதே வாசல்தானா? ஒரு பொறிக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். காய்ந்த காற்று வேண்டும். நான் இவர்களைக் கடலில் வைத்திருக்கிறேன். தூறலையும் நிறுத்தவில்லை. இந்தப் பக்கங்களில் எதுவும் பற்றாது.

படகு சுற்றி முடித்து மறுபடி கரையைப் பார்க்கிறது. மாரிசெல்வியின் கைகள் கயிற்றின்மேல். கயிறு கட்டியிருப்பது பாய்மரத்தில். முனியராஜ் எழுந்து அவளருகே வருகிறார். அவருடைய வலது கை மேலே எழுகிறது, விரல்கள் விரிகின்றன.

மரத்தைத் தொட வருகிறதா, அவளோடு சேர்ந்து கயிற்றைப் பிடிக்க வருகிறதா, அதை நீங்கள் பாருங்கள். நான் இங்கே காகிதத்திலிருந்து பேனாவை எடுத்துவிடுகிறேன். இதற்குப் பிறகு ஒரு வெடிச்சத்தம் உங்களுக்குக் கேட்டால், அது நீங்கள் கொண்டுவந்தது.