கடலுக்கு முதுகு காட்டி

தேசிங்கு, வயது இருபத்திரண்டு, மரக்காணம் உப்பளத்துக்குக் கிழக்கே இருக்கும் குப்பத்துக்காரன், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் கேமராவோடு நின்றிருந்தான். சுனாமி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

பழைய கட்டடங்களின் முகப்பைப் படமெடுக்கும் வேலை. காலை வெயிலில்தான் முகப்பில் வெளிச்சம் விழும். கட்டடம் முழுதாக அடங்க, சாலையின் இந்த ஓரத்துக்கு வந்து, கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்.

முந்தின நாள் எடுத்த படமெல்லாம் கோணல். சாயங்காலம் ஸ்டுடியோவில் முதலாளி தட்சணாமூர்த்தி கையில் வாங்கிப் பார்த்தார்.

“ஏம்பா, கட்டடம் குடிச்சிருக்குதா, நீ குடிச்சிருந்தியா?”

“குடிக்கலண்ணே.”

“நாளைக்கும் இப்படியே வந்துச்சின்னா கேமராவ வச்சிட்டு உங்கப்பன்கூட உப்பு வாரப் போயிடு.”

பட்டனை அமுக்கும் நேரத்தில் கழுத்து தானாகக் கடல் பக்கம் திரும்பிவிடுகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சுனாமியில் படகு போனபின் அப்பா உப்பளத்தில்தான் நிற்கிறார். இந்த வேலையும் போனால் இவனும் அந்தக் கரைக்கே திரும்ப வேண்டும்.

சுனாமி வந்த அன்றைக்கு அவன் கடலுக்கு முதுகு காட்டிக் குனிந்து சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது வீட்டின் முன்சுவர் இல்லை. இப்போது எதிரே இருக்கும் கட்டடம் நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறதாம். அத்தனை வருடமும் கேமரா ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் படத்தில் அடங்கிவிடும். அந்தச் சிமிட்டலுக்குள் பின்னால் எதுவும் வரலாம்.

மறுபடி திரும்பிப் பார்த்தான். டீ கேனோடு உட்கார்ந்திருந்த மங்கம்மா சிரித்தாள்.

“இன்னாபா, சும்மா சும்மா திரும்புற? மாமியா வர்றாளா?”

“கடலப் பாக்குறேன்க்கா.”

“அது எங்க போயிடும்?”

“நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். மரக்காணம் குப்பம் நாங்க.”

அவள் சிரிப்பு நின்றது.

ஊரில் கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தோளில் போட்டுக் கரையைப் பார்த்து நடப்பார்கள். ஒருவர் மட்டும் கடலைப் பார்த்தபடி குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை யாரும் திரும்பமாட்டார்கள். அதைச் சொல்லிக் கேட்டான்.

“கடலப் பாத்துக்கினே எதனா பேசிக்கினு இரு, அக்கா. தண்ணி உள்ள வாங்குச்சின்னா சொல்லு.”

“இன்னாத்த பேசறது?”

“எதையாவது. நிறுத்திடாத.”

மங்கம்மா கடலைப் பார்த்து உட்கார்ந்து மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள். “குழம்பு வக்கிறாளாம் குழம்பு. புளியக் கரைச்சி ஊத்திட்டு டிவி முன்னாடி குந்திக்கிறா…”

முதல் கட்டடம் படத்தில் நேராக விழுந்தது. இரண்டாவதும். மங்கம்மாவின் பேச்சில் மருமகள் தாய்வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். மூன்றாவதும் முடிந்தது.

கடைசிக் கட்டடம். தூண்கள் கோட்டில் நின்றன. வெயில் சரியாக விழுந்த நேரம், பேச்சு நின்றுவிட்டது.

யாருக்காவது டீ ஊற்றுகிறாளோ? எழுந்து ஓடிவிட்டாளோ? அலைச் சத்தம் கேட்கிறதா, இல்லையா? காதுக்குள் சொந்த ரத்தம்தான் இரைந்தது. கழுத்து நரம்பு இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினான்.

படம் விழுந்துவிட்டது. இனித் திரும்பலாம். ஆனால் இப்போது திரும்பத்தான் பயமாக இருந்தது. கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாலையில் நடந்து போகிறவர்களைப் பார்த்துக் கேட்டான்.

“யாராவது கொஞ்சம் கடலப் பாத்துச் சொல்லுங்களேன்.”