துடைத்த மலை

கடைசி அறைக்கு வருவதற்குள் ஓவியர் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார். காவலாளிகளுக்காக அறைக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது வசதியாகப் போயிற்று. உட்காரும்போதெல்லாம் தங்கை கைப்பையைத் திறந்து தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

"மலை ஏறுறதா நெனச்சுக்கோ."

"வரைஞ்சு வரைஞ்சு ஏறினதே போதும்."

மறுநாள் திறப்பு விழா. ஆயுள் முழுக்க நிலக்காட்சி வரைந்தவருக்கு இதுதான் முதல் முழுக் கண்காட்சி. முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் யாரும் கூப்பிடவில்லை.

கடைசி அறையில் கலைக்கூடத்தின் இயக்குநர் காத்திருந்தார். பக்கத்தில், பழைய படங்களைச் செப்பனிடும் பெண். சுவரில் ஓவியர் இளவயதில் வரைந்த குவாரி மலை.

"பாருங்கம்மா. ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் முன்னாடியே சொல்லல."

சரிவு பச்சையாக இருந்தது. கல் வெட்டிய முகப்பில் காலை வெயிலின் இளஞ்சிவப்பு. வானம் பளிச்சென்ற நீலம். ஓவியர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நிறம் மாறவில்லை.

"குவாரி ஆபீஸ்ல அத்தனை வருஷம் மாட்டியிருந்த படம்," என்றாள் செப்பனிடும் பெண். "மேல ஒரே புகையும் தூசும். பஞ்சால கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன். அடியில இப்படி ஒரு நிறம் இருக்கும்னு நெனைக்கவே இல்ல."

"அது தூசு இல்லம்மா. நான் பூசினது."



கல்யாணமான புதிதில் ஓவியர் குவாரிக் குடியிருப்பில் இருந்தார். கணவர் அங்கே பொறியாளர். ஜன்னலுக்கு நேரே மலை. கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி அதைப் பச்சையும் நீலமுமாக வரைந்து முடித்து ஜன்னலோரம் சாய்த்து வைத்தார். வெளியே கல் உடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த துணி, செடிகளின் இலை, கணவரின் புருவம், எல்லாவற்றிலும் சாம்பல் நிறத் தூசு. படத்தில் மட்டும் இல்லை. தூரிகை கழுவும் டர்பன்டைன் டப்பாவின் அடியில் எல்லா நிறமும் சேர்ந்து சேறாகத் தங்கும். எல்லோரும் அதை வழித்துக் கொட்டிவிடுவார்கள். அன்று அவர் அந்தச் சேற்றை எண்ணெயில் குழைத்துப் படம் முழுக்க மெல்லிசாகப் பூசினார். மலை அப்போதுதான் மலையாக உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு எதை வரைந்தாலும் கடைசிப் பூச்சு அந்தச் சேறுதான். ஜன்னலைத் துடைத்துவிட்டு வரைந்திருக்கலாம் என்று ஒரு விமர்சகர் எழுதினார். கூட வரைந்தவர்கள் 'சேத்தக்கா' என்று பெயர் வைத்து, முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

"சாம்பல் பூச்சுக்கு முந்தின படம்னு நெனச்சுட்டோம்," என்றார் இயக்குநர். "கட்டுரையிலயே அப்படி எழுதியாச்சு. வாசல்ல சுவரொட்டியும் இதுதான். நாளைக்கு எல்லாரும் இது முன்னாடிதான் நிப்பாங்க."

"நிப்பாங்க. நானே நிக்கிறேனே."

செப்பனிடும் பெண் ஓவியர் பக்கம் திரும்பினாள். "உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதே," என்றாள் தங்கை. "எனக்கு இது புடிச்சிருக்கு."

"தெரியும். நான் இப்படியே வரைஞ்சிருந்தா வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டியிருப்பே."

"இல்லேன்னாலும் காட்டினேனே. கரித்துணின்னு சொல்லிக் காட்டினேன்."

ஓவியருக்குச் சிரிப்பு வந்தது. விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. படம் அழகாகத்தான் இருந்தது, அதுதான் சங்கடம். இதை இப்படியே விட்டால், பார்க்க வருகிறவர்களுக்கு மற்ற அறைகளெல்லாம் ஒரு நல்ல கை பாழாய்ப்போன கதை. மறுத்துப் பேச நாளைக்குத் தெம்பு இருக்காது.

"நீ தூரிகை கழுவுற டப்பா எங்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"அம்மா, நாளைக்குத் திறப்பு!" இயக்குநர் பதறினார். "இது கூடத்தோட சொத்து."

"துடைச்சப்போ யாரோட சொத்து?"

"நாளைக்குள்ள காயாதே..."

"கிட்ட வராம கயிறு கட்டுங்க. எப்படியும் கட்டத்தானே போறீங்க."

இயக்குநர் செப்பனிடும் பெண்ணைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே வாசல் தாண்டியிருந்தாள். டப்பாவும் பட்டைத் தூரிகையும் வந்தன. இயக்குநர் பெருமூச்சு விட்டு, ஆள் வைத்துப் படத்தை இறக்கி மேசைமேல் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். ஓவியர் காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தபடி கீழிருந்து தொடங்கினார். முதலில் சாலை மங்கியது. பிறகு குடியிருப்புக் கூரைகள், பிறகு குவாரி. இடையிடையே கையை மடியில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கினார். தோள் உயரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இன்னொரு தடவை முயன்றார். எழவில்லை.

"தலைகீழா வைக்கட்டுமா?" என்றாள் செப்பனிடும் பெண். "மேல்பக்கம் எட்டும். இல்லேன்னா நீங்க சொல்லச் சொல்ல நானே பூசறேன்."

ஓவியர் படத்தைப் பார்த்தார். கீழே அவர் குடியிருந்த இடம் முழுக்கத் தூசுக்குள் போய்விட்டது. மேலே மலையுச்சியும் வானமும் அப்படியே இருந்தன. நடுவில் கோடு நேராகக்கூட இல்லை. கை தளர்ந்த இடமெல்லாம் தெரிந்தது.

"வேணாம். எட்டின வரைக்கும் இருக்கட்டும்."

"எனக்காகவா விட்டே?" என்றாள் தங்கை.

"உனக்கு இந்த ஆசை வேற. கை வலிக்குது."

"படத்துக்குப் பக்கத்துல வைக்கிற அட்டையில என்ன வருஷம் போடுறது?" செப்பனிடும் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டையும் போடு. அன்னிக்கும் இன்னிக்கும்."

"அப்போ நம்ம கட்டுரை?" என்றார் இயக்குநர்.

"இப்போ அது பாதி சரிதான்."

எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. தங்கையிடம் கையை நீட்டினார். விரல்களெல்லாம் சாம்பல். அவள் கைக்குட்டையை எடுத்துவிட்டு, தொடலாமா என்பதுபோல நின்றாள்.

"இதைத் துடைக்கலாம்," என்றார் ஓவியர்.