சீப்பில் நாலு முடி

வெள்ளிக்கிழமை என்றாலே சுவாதிக்கு எரிச்சல். இருட்டோடு எழுந்து தலைக்கு ஊற்ற வேண்டும், விளக்கேற்ற வேண்டும், கெலமங்கலம் நிறுத்தத்துக்கு ஓடிக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் குளிரில் அந்நேரத்துக்குத் துண்டே காயாது, இடுப்புக்குக் கீழே இறங்கும் முடியா காயும்? ஈரத்தோடு முறுக்கிக் கொண்டை போடுவாள். ஓசூர் கம்பெனி வாசலில் கொண்டைக்கு மேல் ஒரு வலை, வலைக்கு மேல் காதுவரை மூடும் தொப்பி. செல்போனுக்கு உதிரிபாகம் செய்கிற இடம், ஒரு முடி விழுந்தாலும் சூப்பர்வைசர் குதிப்பார். ஷிப்ட் முடிந்து தொப்பியைக் கழற்றினால் கொண்டை அப்போதும் சொதசொதவென்று ஈரமாகவே இருக்கும்.

இப்படியே நாள் போனதில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. சின்ன வயதிலிருந்து கத்தரி படாமல் ஆசை ஆசையாக வளர்த்த முடி. குளித்து முடித்துத் தண்ணீர் போகும் ஓட்டையில் அது சுருண்டு கிடப்பதைப் பார்த்து அவள் எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுவாள்.

அவள் அழுதது போதாதென்று மாமியார் வெங்கடம்மா வேறு. "கொட்டுது, கொட்டுது! எப்பேர்ப்பட்ட முடி, இப்படிக் கொட்டுதே!" என்று வீட்டுக்கு வருகிறவர், தெருவில் போகிறவர் எல்லோரிடமும் ஒப்பாரி. ஒப்பாரியோடு விட்டாலும் தேவலை. செல்போனில் வீடியோ பார்த்து வாரம் ஒரு வைத்தியம். வெங்காயச் சாறு பூசிய வாரம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து பின்னால் போய்விட்டாள். அடுத்து எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்து, "கொஞ்சம் எரியும், எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று தேய்த்துவிட்டார். எரிந்தது. மறுநாள் உச்சந்தலை முழுக்கக் கொப்புளம்.

அதற்கு மேல் சுவாதி யாரையும் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு ஓசூரில் ஒரு தோல் டாக்டரைப் பார்க்கப் போனாள். வெங்கடம்மாவும் கூடவே வந்து நாற்காலியில் முதலில் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா தலையைப் பிரித்துப் பார்த்தார். "எப்பத் தலைக்குக் குளிக்கறீங்க?" என்று கேட்டார். சுவாதி சொன்னாள்.

"ஈரத் தலைய இறுக்கிக் கட்டி, அதுக்கு மேல தொப்பியும் போட்டா முடி எப்படித் தாங்கும்? வேலை முடிஞ்சு வந்து குளிங்க. விரிச்சுவிட்டு நல்லாக் காய வைங்க. காஞ்சப்புறம் தளர்வா பின்னுங்க. சோடாவும் எலுமிச்சையும் சமையலுக்கு இருக்கட்டும். முட்டை, பருப்பு, கீரையைத் தலையில பூசாம தட்டுல போட்டுச் சாப்பிடுங்க. ரத்தத்தையும் ஒருதரம் பார்த்துடலாம்."

"அப்ப முடி கொட்றது நின்னுடுமா டாக்டரம்மா?" என்றார் வெங்கடம்மா.

"கொத்தாக் கொட்றது நிக்கும்மா. ஆனா சீப்புல நாலு முடி யாருக்கும் வந்துகிட்டேதான் இருக்கும். அது முழுசா நிக்கவே நிக்காது."

வீட்டுக்கு வந்ததும் சண்டை. வெள்ளிக்கிழமை விடியலில் மருமகள் தலைக்கு ஊற்றாமல் எப்படி விளக்கேற்றுவாள்? சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வீடு விளங்குமா? "காலை விளக்கை நீங்க ஏத்துங்க அத்தே, நான் ஷிப்ட் முடிஞ்சு வந்து குளிக்கறேன்" என்றாள் சுவாதி. கணவன் சுரேந்தர் அம்மாவையும் பார்க்கவில்லை, பெண்டாட்டியையும் பார்க்கவில்லை. சட்னி நன்றாக இருக்கிறது என்றான். இவனைக் கட்டிக்கொண்டு நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது என்று நினைத்தவள், அதன் பிறகு அவர்களிடம் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே குளியலறை, பிறகு மாடி வெயில். வெங்கடம்மா கீழே பாத்திரங்களை உருட்டுவார். உருட்டட்டும்.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தபோது உச்சந்தலையில் புது முடி குச்சி குச்சியாக நின்றது. குளியலறை ஓட்டையை முடி அடைக்கவில்லை. பின்னலைக் கையில் பிடித்தால் பழைய கனம் கொஞ்சம் தெரிந்தது. சுவாதிக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெங்கடம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கூடத்துக்கு வந்தார்.

"சுரேந்தரு, திருப்பதிக்கு டிக்கெட் போடு. முடி கொட்றது நின்னா மொட்டை போடறேன்னு வேண்டிக்கினேன். நின்னுடுச்சு."

"யாருக்கு மொட்டை?" என்றாள் சுவாதி.

"உனக்குத்தான் சாமி. உன் முடிதானே கொட்டுச்சு."

சுரேந்தர் வாழ்க்கையில் முதல் தடவையாக நடுவில் புகுந்தான். "பூமுடி குடுத்தாப் பத்தாதாம்மா?"

"நுனியில துளி வெட்டிக் குடுக்கறதா? முழு மொட்டைன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். சாமிகிட்ட பேரம் பேசுவியாடா?"

"கொட்டக் கூடாதுன்னு வேண்டிக்கினு, நின்னதும் மொத்தமா வழிச்செடுத்துடுவீங்களா அத்தே?"

"மறுபடி வளராதா? உன் நல்லதுக்குத்தானே வேண்டிக்கினேன்."

அந்த 'உன் நல்லதுக்கு' என்ற சொல்லில் சுவாதியின் பொறுமை அறுந்தது. வெங்காயமும் அவள் நல்லதுக்கு, சோடாவும் அவள் நல்லதுக்கு, இப்போது சவரக் கத்தியும் அவள் நல்லதுக்கு.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் தலை என்ன, நீங்க நெனச்சப்ப உடைக்கற தேங்காயா? டிக்கெட் போடட்டும், நானும் வரேன். ஆனா வேண்டிக்கினது நீங்க. மொட்டைக்கு உக்காரப்போறதும் நீங்கதான். நான் பக்கத்துல நின்னு கோவிந்தா சொல்றேன்."

வெங்கடம்மாவின் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. சவுரி வைத்துக் கட்டி, மை பூசி, கல்யாணம் காட்சிக்கென்று அவர் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் கொண்டை. சாமி பேரைச் சொல்லி மருமகள் கேட்கிறாள், முடியாது என்று சொல்லவும் வழியில்லை. மகனைப் பார்த்தார். அவன் போனில் டிக்கெட் தேட ஆரம்பித்திருந்தான்.

வெங்கடம்மா மெல்ல எழுந்து கண்ணாடி மாடத்திலிருந்த சுவாதியின் சீப்பை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேய் சுரேந்தரு, இரு. போடாத."

"ஏம்மா?"

"இங்க பாரு, நாலு முடி. இன்னும் நிக்கலியே! டாக்டரம்மாவே சொன்னாங்கல்ல, முழுசா நிக்கவே நிக்காதுன்னு? நின்னாத்தானே மொட்டை. நான் அப்படித்தான் வேண்டிக்கினேன்."

இப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ந்த முடியைச் சுவாதி சீவி முடித்ததும், வெங்கடம்மா வந்து சீப்பை வாங்கிக்கொள்கிறார். பற்களில் சிக்கிய முடியை உருவிச் சாமி படத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, "கொட்டுது, இன்னும் கொட்டுது" என்று நன்றாகக் கேட்கும்படி சொல்கிறார். சுவாதி குளியலறையில் அழுத நாட்களில் ஊரெல்லாம் ஒப்பாரி வைத்த அதே வார்த்தை.

"கொட்டட்டும் அத்தே" என்று சொல்லிவிட்டுச் சுவாதி நிதானமாகப் பின்னலைப் போடுகிறாள்.